தண்ணிப் பெட்டிகள்

திகனப் பெரிய ரோட்டிலிருந்து கீழே இறங்கும் ஒழுங்கையில் றம்லத்தின் வீடு. வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு ஹோல், ஓர் அறை, ஒரு குசினி, பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு திறந்த பத்தி, அதையொட்டிக் குளியலறை. அந்த இடத்துக்குள் மூன்று மனிதர்களும் ஒரு குட்டி மலை அட்டைப்பெட்டிகளும் குடியிருந்தார்கள். வசதியாக இருந்தவை பெட்டிகள்தான்.

றம்லத்தின் புருஷன் பாயிஸுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்வதை நிறுத்தியிருந்தன. வயிற்றில் ஒரு குழாய் வைத்துத் தைத்திருந்தார்கள். நாளுக்கு நான்கு தடவை அந்தக் குழாய் வழியாக வயிற்றில் கிடந்த பழைய தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு, ஒரு புதுப் பை மருந்துத் தண்ணீரை உள்ளே இறக்க வேண்டும். ஆஸ்பத்திரி மெஷினில் போய்க் கிடக்கத் தேவையில்லை, வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பது அதிலுள்ள சுகம். அந்தப் பைகளை அடைத்து மாதாமாதம் லொறியில் வந்து இறங்கும் தண்ணிப் பெட்டிகளை வீட்டுக்குள் வைத்தாக வேண்டும் என்பது அதிலுள்ள துன்பம். லொறிக்காரர் ஒழுங்கை முகப்பில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து சுமப்பது றம்லத்தின் இடுப்பு.

பாயிஸ் பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கீப்பராக இருந்தவர். அடுக்குவதில் அவரை அடிக்க ஆளில்லை. வீட்டிலும் லேபல் வெளியே தெரிய, பழைய திகதி முன்னால் வர, நூல் பிடித்தாற்போல் ஹோல் சுவரோரம் கூரை முட்ட அடுக்குவார். அதைக் கண்டால் றம்லத்துக்கு இன்னும் எரிச்சல் வரும். அலங்கோலமாகக் கிடந்தாலாவது இது கொஞ்ச நாளைக்குத்தான் என்று மனசைத் தேற்றலாம். இவ்வளவு ஒழுங்காக அடுக்கினால் என்றைக்கும் இங்கேதான் என்றல்லவா அர்த்தம்? சக்களத்தியைப் பார்க்கிற மாதிரித்தான் அவள் அந்தப் பெட்டிகளைப் பார்ப்பாள்.

அவளுடைய கோபத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. மகள் அம்னாவுக்குக் கெலிஓயாப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வந்த பெண்கள் பிள்ளையைப் பார்த்ததை விடப் பெட்டிகளைத்தான் அதிகம் பார்த்தார்கள். என்ன சாமான் என்று ஒருத்தி கேட்டாள். றம்லத் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொன்னாள். தேத்தண்ணியைக் குடித்தார்கள், கேக்கைத் தின்றார்கள், சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு பேச்சுமூச்சில்லை. ‘வாப்பாவுக்கு வந்த சீக்கு நாளைக்குப் புள்ளைக்கும் வராது எண்டு என்ன நிச்சயம்’ என்று அவர்கள் சொன்னதாகத் தரகர்தான் பட்டும் படாமலும் சொன்னார். அந்த வார்த்தை றம்லத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. மொண்டிசோரியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுக்கிற, பூப்போல ஒரு பிள்ளை. அவளை ஓர் அட்டைப்பெட்டிக்காக வேண்டாம் என்பதா?

அதனால் மடவளையிலிருந்து அடுத்த சம்பந்தம் வந்தபோது றம்லத் முந்திக்கொண்டாள். மாப்பிள்ளை பெயர் ஹுதைபா. கட்டுகஸ்தோட்டையில் போன் கடை வைத்திருந்தான். போட்டோவைப் பார்த்த அம்னா எழுந்து அறைக்குள் போய்விட்டாள், ஆனால் அன்று முழுக்க முகத்தில் வெளிச்சம் இருந்தது. தாய்க்கு அது போதாதா?

“இந்தத் தடவை பெட்டி ஒண்டும் ஆக்கள்ட கண்ணுல படப்படாது. சொல்லிட்டேன்,” என்றாள் பாயிஸிடம்.

சொல்வது லேசு. சீலை போட்டு மூடிப் பார்த்தாள். மூடினால் இன்னும் மோசமாக இருந்தது. இவ்வளவு பெரிய மூட்டைக்குள் என்ன என்று கேட்காத மனிதர் உண்டா? பக்கத்து வீட்டில் வைக்கலாம்; பெட்டி மறையும், செய்தி மறையாது. பத்தியில் வைத்தால் தகரச் சூட்டில் பைகள் வெந்துபோகும். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, பாயிஸ் தன் போனை அவள் முன்னால் நீட்டினார்.

யாரோ ஒரு வெள்ளைக்காரி. தீப்பெட்டி மாதிரி ஒரு வீடு. சுவரோரம் பலகையில் நீளமாக ஒரு பெட்டி அடித்து, மேலே மெத்தை போட்டிருந்தாள். உட்கார்ந்தால் கதிரை, திறந்தால் களஞ்சியம். வீட்டுச் சாமான் முழுவதையும் அதற்குள் விழுங்கவைத்துவிட்டு, கைகளை விரித்துக் காட்டிச் சிரித்தாள்.

“பாத்தியா? அவட ஊடு எங்கடத விடச் சின்னம்,” என்றார் பாயிஸ். “நான் செய்றேன் இத.”

“ஒங்களுக்கு ஏலுமா இதெல்லாம்?”

“வயித்துலதானே குழாய். கையில இல்லயே.”

நோய் வந்ததற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து றம்லத் பார்த்ததில்லை. மறுநாளே தொழிற்சாலைப் பக்கம் போய், பழைய சகாக்களைப் பிடித்து, பொதி ஏற்றிவந்த மரத்தட்டுகளை ஒரு த்ரீவீலில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பின் பத்தியில் வைத்து ஆணி கழற்றினார், அறுத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஒரு தண்ணிப் பெட்டியைப் பிள்ளைபோல் மடியில் வைத்து நீளம் அகலம் அளந்தார். கொஞ்சம் வேலை செய்தால் மூச்சு வாங்கும். தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து ஆறிவிட்டு மறுபடி எழும்புவார். மரத்தூள் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு. தண்ணீர் மாற்றும் அறை சுத்தமாக இருக்க வேண்டும், ஜன்னல் சாத்த வேண்டும், கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும், வாய்க்கு மாஸ்க் போட வேண்டும் என்று கிளினிக்கில் தாதி மிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்தச் சட்டத்தை அவர் மீறியதே இல்லை.

பின்னேரங்களில் அம்னா வந்து பலகையின் மறுமுனையைப் பிடிப்பாள்.

“வாப்பா, இதெல்லாம் என்னத்துக்கு? இருக்கிறத சொல்லிடுவோம். வேணும் எண்டா வரட்டும், வேணாம் எண்டா போகட்டும்.”

“நீ சின்னப் புள்ள. ஒனக்கு ஆக்களத் தெரியாது. நிக்காஹ் முடியட்டும், அடுத்த நாளே நான் ஹுதைபாவக் கூப்பிட்டு என்ட வாயால சொல்றேன். அதுவரைக்கும் வாயத் திறக்கப்படாது. எனக்கு வாக்குக் குடு.”

அம்னா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாக்குக் கொடுத்தாள்.

வாங்கு எழும்பியது. ஹோலின் இரண்டு சுவர்களோடு ஒட்டி வளைந்து போகும், வரிசையாக உட்காரக்கூடிய நீள வாங்கு. றம்லத் மெத்தைக்கு மரூன் நிறத்தில் உறை தைத்தாள். அறைக்குள் பை தொங்கவிடும் கொளுக்கியில் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி தொங்கியது. பை நிறுக்கும் தராசு கட்டிலுக்கடியில் போயிற்று. கடைசிப் பெட்டியும் உள்ளே இறங்கி மூடி விழுந்ததும், வீடு திடீரென்று பெருத்துவிட்டது. றம்லத் ஹோலின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது. நோயே வீட்டைவிட்டுப் போய்விட்டது என்று ஒரு கணம் நம்பிவிட்டாள், பாவம்.

மடவளை ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் சாஹுல் ஹமீது ஹாஜியார் தண்ணிப் பெட்டிகள் மேல் சம்மணம் போடாத குறையாகச் சாய்ந்து உட்கார்ந்து, வட்டிலப்பத்தை ரசித்து ரசித்துச் சாப்பிட்டார். வாங்கைத் தட்டிப் பார்த்தார்.

“எங்க எடுத்தீங்க சம்மந்தி, இத?”

“நான் செஞ்சது,” என்றார் பாயிஸ். முகம் மலர்ந்து போயிற்று.

“மாஷா அல்லாஹ்! எங்களுக்கும் இப்பிடி ஒண்டு வேணும் போல ஈக்கிதே.”

சம்மந்தி என்ற சொல்லைக் கேட்ட உடனே குசினி வாசலில் நின்ற றம்லத்துக்குக் கால் தரையில் படவில்லை. ஹுதைபாவின் உம்மா பரீனா அறைக்குள் அம்னாவின் பக்கத்தில் இருந்து, அவளுடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையச் சிரிக்கிற, பருத்த, நல்ல பெண். குசினிக்குள்ளும் வந்து எட்டிப் பார்த்தாள். “சின்ன ஊடு எண்டாலும் எவ்வளவு வடிவா வெச்சிக்கிறீங்க,” என்றாள். காரியம் பழமாகிவிட்டது. நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று முடிவாயிற்று.

இத்தோடு நல்லது என்று நினைத்தார்கள். ஆனால் சம்பந்தம் பேசி முடித்தால் அதோடு கதவு மூடிவிடுவதில்லையே, அதற்குப் பிறகுதானே திறக்கிறது. பரீனா வரத் தொடங்கினாள். சொல்லிவிட்டு வருவதில்லை, சொந்தக்காரர் வீட்டுக்கு யார் சொல்லிவிட்டுப் போகிறார்கள்? ஒரு நாள் ஒரு சட்டி இறைச்சி, ஒரு நாள் மாம்பழம், ஒரு நாள் அம்னாவுக்குச் சல்வார்த் துணி. பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு வந்து, பின்னேரம் அஸர் வரைக்கும் இருந்து பேசிவிட்டுப் போவாள். ஆண்கள் கூட வந்தால் ஹோலில் இருப்பார்கள்; வராத நாளிலும் அறை வாசலிலிருந்து ஹோல் முழுக்கத் தெரியும். பெண்கள் அறைக்குள் கட்டிலில். அதுதான் முறை. முறைப்படி எல்லாரும் உட்கார்ந்த பிறகு, பாயிஸ் பகல் பை மாற்றுவதற்கு அந்த வீட்டில் ஓர் இடமும் மிஞ்சவில்லை.

முதல் தடவை அவர்கள் போகும்வரை பொறுத்துப் பார்த்தார். வயிறு உப்பி, மூச்சுத் திணறிப் போயிற்று. அடுத்த தடவை பையையும் மாஸ்க்கையும் சட்டைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு பின் பத்திக்குப் போனார். கூரை மரத்தில் ஓர் ஆணி அடித்துப் பையைத் தொங்கவிட்டு, வாளியில் உட்கார்ந்தார். மூலை முடுக்கில் இன்னும் மரத்தூள் கிடந்தது. ஒழுங்கையிலிருந்து காற்று வந்தது. யாரும் வந்துவிடக்கூடாது என்று றம்லத் குசினிக் கதவை முதுகால் சாத்திக்கொண்டு நின்றாள்.

“இதெல்லாம் சரியில்லங்க,” என்றாள் மெதுவாக.

“ஒரு தடவதானே,” என்றார்.

ஒரு தடவை என்பது எப்போது நின்றிருக்கிறது? பரீனா வந்தபோதெல்லாம் அவர் பத்திக்குப் போனார். உள்ளே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்கும். வெளியே அந்த மனிதர் மரத்தூளுக்கு நடுவே தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, வயிற்றிலிருந்து தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். றம்லத் தட்டில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டே வாசலைப் பார்ப்பாள். சொல்லிவிடுவோமா என்று ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனிவரை வரும். கெலிஓயாப் பெண்களின் முகம் ஞாபகம் வரும். விழுங்கிக்கொள்வாள்.

நிக்காஹ் வெள்ளிக்கிழமை. அந்த வாரம் புதன் காலை, பாயிஸ் தண்ணீர் மாற்றிவிட்டு வெளியே எடுத்த பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எப்போதும் தெளிந்த தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அன்று அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கி இருந்தது. கலங்கினால் வயிற்றில் கிருமி ஏறிவிட்டது, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும் என்று மிஸ் முதல் நாளே சொன்ன பாடம் அது. அவருக்கும் தெரியும், றம்லத்துக்கும் தெரியும். இரண்டு பேரும் பையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“உடுப்பு மாத்துங்க. போவோம்,” என்றாள் அவள்.

“போனா வார்ட்டுல போட்டுடுவாங்க றம்லத். வெள்ளிக்கிழமைக்குள்ள விட மாட்டாங்க.”

“விடாட்டிப் போகட்டும். ஒங்கட தம்பி வலியா நிண்டு, வாப்பாட எடத்துல புள்ளயக் குடுக்கட்டும்.”

“ஏன், நான் மௌத்தாப் போயிட்டேனா?” குரல் உடைந்தது. “நான் உசிரோட ஈக்கக்குள்ள என்ட புள்ளய இன்னொருத்தன் கையால குடுக்கவா? அதோட ஆஸ்பத்திரியில எண்டு தெரிஞ்சா என்னத்துக்கு எண்டு கேக்க மாட்டாங்களா? ரெண்டே நாள். வெள்ளிக்கிழம பின்னேரமே போவோம். காய்ச்சலுக்குப் பெனடோல் ஈக்கிதுதானே.”

றம்லத் கூக்குரல் போட்டிருக்க வேண்டும். த்ரீவீலைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அம்னாவிடம் சொல்லியிருந்தால் அவள் கல்யாணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். அதற்காகத்தான் அவளிடம் சொல்லவில்லை. பெனடோல் கார்டை எடுத்துக் கொடுத்தாள். இதை அவள் செய்தாள், வேறு யாரும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் நிக்காஹ். பாயிஸ் புதுச் சாரமும் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஹுதைபாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு மகளைக் கொடுத்தார். பெண்கள் பக்கத்து ஒலிபெருக்கியில் அவருடைய குரல் தெளிவாகக் கேட்டது. ஒரு தடுமாற்றமும் இல்லை. றம்லத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள். பெண்ணைக் கொடுக்கும் தாய் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். மாமாவின் கை நெருப்பாய்க் கொதித்தது என்று ஹுதைபா பிறகு சொன்னான். வெயில் என்று நினைத்தானாம்.

சஹன் சாப்பாடு முடிந்து கடைசி ஆளும் எழும்பிப் போனபோது அவரால் எழும்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சட்டையைத் தூக்கிப் பார்த்த மிஸ், “எத்தன நாளா இப்பிடி? ஏன் இவ்வளவு சுணங்கினீங்க?” என்று கேட்டார். “கல்யாணம்” என்றாள் றம்லத். மிஸ் டொக்டரைக் கூப்பிட ஓடினார். ஞாயிறு விடியற்காலை சுபஹுக்குப் பாங்கு சொல்லும்போது பாயிஸ் மௌத்தானார். அடுத்த நாள் மருமகனைக் கூப்பிட்டுத் தன் வாயால் சொல்கிறேன் என்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடுத்த வாக்கை விடாத அம்னா வெறும் காய்ச்சல் என்றே புருஷனிடம் சொல்லியிருந்தாள். மய்யித்தைக் குளிப்பாட்டப் போன ஹுதைபா மாமாவின் வயிற்றில் குழாயைக் கண்டான். அப்படித்தான் அவனுக்குத் தெரிய வந்தது.

புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்க வேண்டிய இத்தாவில் றம்லத் இருந்தாள். வெள்ளைச் சேலை, மூடிய ஜன்னல், பெண்கள் மட்டும் வந்து போகும் வீடு. மிச்சமிருந்த தண்ணிப் பெட்டிகளை வேறு நோயாளிகளுக்கு உதவட்டும் என்று அம்னா ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டாள். மருமகன் ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. சந்தைச் சாமான் எல்லாம் வாங்கி வாசலில் வைத்துவிட்டுப் போவான். மடவளை ஆட்களுடைய நல்ல குணம்தான் றம்லத்தை அறுத்தது. ஏமாற்றிப் பெண் கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பு ஒவ்வொரு சோற்றுக் கவளத்திலும் வந்து அடைத்தது.

ஒரு நாள் முற்பகல் பரீனா வந்தாள். கட்டிலில் பக்கத்தில் இருந்தாள். றம்லத் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“சம்மந்தி, ஒங்களுக்கிட்ட மறைச்சிட்டோம். அவருக்காக மாப்பு கேக்கிறேன். மனசுல ஒண்டும் வெச்சிக்காதீங்க. அவர்ட கபுறுல அது பாரமாப் போயிடும்.”

பரீனா கட்டிலில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

“எங்களுக்கு முதல் நாளே தெரியும்,” என்றாள்.

றம்லத்துக்கு விளங்கவில்லை. என்ன தெரியும்?

“பால்மாப் பைய ஒரு நீலக் கிளிப்பு போட்டு மூடி வெச்சிருந்தீங்க, குசினியில. அது கடையில விக்கிற சாமான் இல்ல. தண்ணி மாத்தக்குள்ள குழாயப் பிடிக்கிற கிளிப்பு. எங்கட ஊட்டுலயும் ஒரு டின் நிறைய ஈக்கிது. என்ட கூடப் பொறந்த மூத்த நானா மூணு வருஷம் இதே தண்ணியிலதான் ஈந்தார்.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “போகக்குள்ள வேன்லயே ஹாஜியாருக்கிட்டச் சொன்னேன். பாவம், சொல்ல வெக்கப்படுறாங்க, நாம கேக்கப்படாது, அவங்களாச் சொல்லும் வரைக்கும் தெரியாத மாதிரி ஈப்போம் எண்டார். புள்ளையக் கட்டிக்கிறதுக்கு அதுல என்ன ஈக்கிது? ஹுதைபாவுக்கும் நாங்க சொல்லல்ல.”

தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. கேட்டால் இவர்கள் குறுகிப் போவார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, சொன்னால் அவர்கள் எழும்பிப் போவார்கள் என்று இவர்கள் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் மரியாதையாக வாயைப் பொத்திக்கொண்டிருந்த இடைவெளியில் ஓர் உயிர் போய்விட்டது. ‘ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா மனுஷி’ என்று கத்த வேண்டும் போலிருந்தது றம்லத்துக்கு. யாரைப் பார்த்துக் கத்துவது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவளைத்தானே முதலில் கேட்க வேண்டும்.

பரீனா பேசிக்கொண்டே போனாள். “அதுதான் நான் அடிக்கடி வந்தேன். பழகிப் பழகி ஒரு நாளைக்கு நீங்களாச் சொல்லுவீங்க, சொன்னா நானாவப் பாத்த டொக்டருக்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போகலாம் எண்டு நினைச்சேன். அவர் ஹோல்ல ஈக்காம பின்னால போயிடுவார். நான் வந்தா வெக்கப்படுறார் எண்டு நினைச்சிக்குவேன்.” சட்டென்று நிறுத்தி றம்லத்தின் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் ஒரு பயம் வந்திருந்தது. “ஒண்டு கேக்கட்டா? மறைக்காமச் சொல்லுங்க. நான் வந்து வந்து போனது அவருக்குக் கரைச்சலா இருந்திச்சா?”

பத்தியும் ஆணியும் கவிழ்த்த வாளியும் றம்லத்தின் கண்ணுக்குள் வந்து நின்றன. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நெஞ்சில் கிடக்கிற கல்லில் பாதியை இந்தப் பெண்ணின் தலையில் ஏற்றிவிடலாம். ஏற்றிவிடத்தான் மனம் துடித்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த நிமிடம் அவளுக்குப் பரீனா மேல் ஆத்திரம்கூட வந்தது. ஆனால் இந்தப் பெண்ணின் வீட்டில்தான் அம்னா வாழப் போகிறாள். அதைவிட, அந்த இறைச்சிச் சட்டியையும் மாம்பழத்தையும் தூக்கிக்கொண்டு வெயிலில் பஸ் ஏறி வந்தவள், பாயிஸ் பிழைக்க வேண்டும் என்றுதானே வந்தாள்.

“சீ, என்ன கத இது,” என்றாள் றம்லத். “நீங்க வார நாள் எண்டா அவருக்குப் பெருநாள் மாதிரி. பின்னால ஈந்து ஒங்கட சிரிப்புச் சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டு ஈப்பார்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று பரீனா பெரிதாக மூச்சு விட்டாள். பிறகு றம்லத்தின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். றம்லத் அவளுடைய முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கொஞ்சம் கழித்து, பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லி எழும்பிக் குசினிக்குப் போனாள். கேத்திலை அடுப்பில் ஏற்றிவிட்டு, முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கொதிக்கும் சத்தம் தன் சத்தத்தை விடப் பெரிதாகும் வரை காத்திருந்து அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு கோப்பைகளோடு சம்மந்தியிடம் போனாள்.